வலைக்கு இந்தப் பக்கம்

பட்டுப்புடவை கட்டியாகிவிட்டது. வளையல் பையும் கையில் இருந்தது. ஆனாலும் தாமரைச்செல்வி சமையலறை ஜன்னலில் நின்று ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது. தங்கை கயல். வழக்கம்போல வலது காதில் வைத்தாள்.

"அக்கா, எல்லாரும் வந்தாச்சு. நீ வந்து ஃபர்ஸ்ட் வளையல் போட்டாத்தான் ஆச்சுன்னு உக்காந்துட்டு இருக்கேன். ரைடு புக் பண்ணட்டா?"

பக்கத்து ஊரான ஃப்ரீமாண்டில் கயலுக்கு இன்று வளைகாப்பு. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தாராபுரத்திலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் கண்ணாடி வளையல்களைக் கொடுத்தனுப்பி, முதல் வளையல் அக்கா கையால் ஏறட்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த வளையல்கள்தான் பையில்.

போக வேண்டாம் என்று இனியன் சொல்லியிருந்தான். போன தீபாவளிக்குக் கயலின் வீட்டுக்காரர் அவனை மதிக்கவில்லையாம். சொல்லிவிட்டு கிரிக்கெட் மேட்சுக்குப் போய்விட்டான். கதவைப் பூட்டவில்லை. ஃபோனைப் பிடுங்கவில்லை. அப்படிப்பட்ட புருஷன் இல்லை அவன்.

முன்வாசலில் கேமரா இருக்கிறது. யார் போனாலும் வந்தாலும் அவன் ஃபோனில் தெரியும். பின்பக்க கேட்டைத் திறந்தால் ஒரு ஒற்றையடிப் பாதை கீழே ரோட்டுக்கு இறங்குகிறது. ஆனால் அந்த கேட்டை ஒட்டி, பாதையை மறித்துத்தான் ஆட்டுக்குக் கரண்ட் வலை கட்டியிருக்கிறார்கள்.

"பின்னாடி கரண்ட் வேலி போட்டுட்டாங்க கயல். பாக்கறேன்" என்றாள்.

கயல் ஃபோனை வைத்துவிட்டாள்.

சான் ஹோசேயில் கோடை வந்தால் குன்றிலெல்லாம் புல் காய்ந்துவிடும். ஒரு பொறி போதும், தெருவே எரியும். அதனால் காலனிக்காரர்கள் ஆடுகளை வாடகைக்குப் பிடித்து மேயவிடுகிறார்கள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். புல்லையும் கொடுத்து, மேய்ப்பதற்குக் கூலியும் கொடுப்பானா என்பார்கள்.

ஆடுகளோடு வந்தவர் ஹிலாரியோ. பெரு நாட்டில், ஆண்டீஸ் மலையில், மரமே முளைக்காத உயரத்தில் அவருடைய ஊர். மனைவியும் மகளும் அங்கே. இவர் இங்கே ஒரு சின்ன டிரெய்லரில், ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்ட விசாவில்.

மேஸ்திரியிடம் ஸ்பானிஷ் பேசுவார். ஆடுகளிடமும் நாயிடமும் அவர் மலையின் தாய்மொழி, கெச்சுவா. தாமரை வலைக்கு மேலே இட்லி நீட்டும்போது மட்டும் இரண்டு சொல் இங்கிலீஷ்.

அவளுக்கு அந்தக் கெச்சுவாதான் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அதட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று புரிந்துவிடும். இந்த வீட்டில் தமிழில் பேசினால்கூட சில நாள் அது புரிவதில்லை.

இன்று ஹிலாரியோ ஆடுகளைக் கவனிக்கவில்லை. கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் அவளைப் பார்த்ததும் வா என்று கையசைத்தார்.

போனாள். கேட்டைத் திறந்து, வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவர் ஃபோனை நீட்டினார்.

வீடியோவில் அவருடைய ஊர்த் திருவிழா. பனி மூடிய மலை, அகலப் பாவாடையும் தொப்பியுமாகப் பெண்கள், யாரோ சின்னக் கொட்டு அடிக்கிறார்கள். அவருடைய மனைவி ஒரு பசுவின் காதில் சிவப்பும் மஞ்சளுமாக நூல் கோர்க்கிறாள். பக்கத்தில் மகள் பாடுகிறாள். பசு தலையை உதறுகிறது. மாட்டுப் பொங்கலேதான், கொம்புக்குப் பதிலாகக் காது.

நன்றாகப் பார்க்கக் குனிந்தாள். முழங்கை வலையில் பட்டுவிட்டது.

பதறிப்போய் இழுத்துக்கொண்டாள். ஆனால் ஒன்றும் ஆகவில்லை.

ஹிலாரியோ சிரித்தார். வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரி அவர் காலடியில் கிடந்தது. அதிலிருந்து வயர் அவருடைய ஃபோனுக்குத்தான் போயிருந்தது.

"ஒன் டைம்" என்று ஒரு விரலைக் காட்டினார். "ஃபர்ஸ்ட் டே, ஷாக். நவ், நோ நீட்."

தாமரைக்கும் சிரிப்பு வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று அம்மா சொல்வாள். ஆட்டுக்கும் அதே கதைதான் போலிருக்கிறது. செத்த வலையில் மின்னல் படம் போட்ட மஞ்சள் அட்டை வேறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவர் அவளுடைய பட்டுப்புடவையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கீழே ரோட்டைக் காட்டி, போகணுமா என்பது போலத் தலையசைத்தார். அவள் ஆமாம் என்றாள்.

அவர் எழுந்து வந்து வலையின் மேல் பூட்ஸ் காலை வைத்துத் தரையோடு அழுத்தினார். ஒரு ஆள் தாராளமாகத் தாண்டலாம்.

ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கி அந்தத் திறப்பைப் பார்த்தன. ஒன்றுகூட நகரவில்லை.

தாமரையும் நகரவில்லை. பையைக் கை மாற்றிக்கொண்டாள், உள்ளே வளையல்கள் கிணுகிணுத்தன.

கயல் மறுபடியும் கூப்பிட்டாள். ஃபோனை வலது காதில் வைத்தாள். இடது காதில் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. அதில் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

ஒரே ஒரு அறை. அன்றைக்கே இனியன் அவள் காலில் விழுந்து அழுதான். அதற்கப்புறம் அவன் கை ஓங்கியதே இல்லை. ஓங்க வேண்டி வரவில்லை.

"அக்கா, கிளம்பிட்டியா?"

ஹிலாரியோ இன்னும் வலையை மிதித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.