நாலாயிரம் எழுத்துக்கு அப்புறம்

கம்ப்யூட்டருக்கு ஆள் பார்த்து ஓரவஞ்சனை பண்ணத் தெரியுமா, சொல்லுங்க பார்ப்போம்?

தெரியும் என்றார் நாமக்கல் லாரி ஆபீஸ் முதலாளி இளஞ்செழியன்.

"எந்த டிரைவருக்கு எந்த லோடுன்னு அதுதானே பிரிக்குது? எட்டு மாசமா கந்தவேலுக்கு மோகனூர், சேலம், மறுபடி மோகனூர். பாவம் தோமினிக், நாக்பூருக்கும் அசாமுக்கும் ஓடியே தேயறாரு. உள்ள என்ன எழுதி வெச்சிருக்குதுன்னு எடும்மா."

அந்தப் புரோகிராமை எழுதின தமீம் துபாய் போய்விட்டான். லோடு பிரிக்கிற அந்த புரோகிராம் துண்டு டேட்டாபேஸுக்குள்ளேயே கிடந்தது. வெளியே நகல் கிடையாது. வேலைக்குப் புதுசாக வந்த அஸ்பியா டேட்டாபேஸிடம் குவரி போட்டுக் கேட்டு எடுத்தாள்.

லாரி, டன், ரூட் என்று வரிசையாக வந்து, நடுவில் இப்படி ஒரு வரி:

'டிரைவர் 17 என்றால் வெளிமாநில லோடு வேண்டாம். 9-க்கு மாற்று.'

பதினேழு, கந்தவேல். ஒன்பது, தோமினிக்.

"பார்த்தியா. தமீமுக்கு என்னத்தக் குடுத்தானோ. கந்தவேலை இன்னியோட நிறுத்திரலாம்."

டீசல் பில் கொடுக்க உள்ளே வந்த தோமினிக் காதில் அது விழுந்தது.

"அவனை எதுக்குங்க முதலாளி…"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் பேசறேன்."

அஸ்பியா கடைசி வரியையே பார்த்தாள். பாதி வார்த்தையில் நின்றிருந்தது. அவள் மகனும் பாதி இட்லியை வைத்துவிட்டு, "தின்னாச்சு" என்று ஓடுகிறவன்தான்.

"இது முழுசு இல்லீங்க சார். இப்படிக் கேட்டா நாலாயிரம் எழுத்தோட வெட்டிரும். வேற மாதிரி கேட்டா மிச்சமும் வரும்."

"குத்தம் தெரிஞ்சு போச்சு. மிச்சம் எதுக்கு?"

"வந்துருச்சுங்க," என்றாள், அதற்குள் வேறு மாதிரி கேட்டுவிட்டிருந்த அஸ்பியா. அடியில் தமீமின் குறிப்பு இருந்தது. வாய்விட்டுப் படித்தாள்.

'17-இன் மகளுக்குக் காது கேட்க ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் சேலத்தில் பேச்சுப் பயிற்சி. தாய் இல்லை, அப்பாதான் கூட உட்கார வேண்டும். 17-இன் தூர லோடையெல்லாம் தனக்குப் போடச் சொல்லி 9 தானாக வந்து கேட்டார். 17-க்குத் தெரியக் கூடாதாம்.'

முதலாளி தோமினிக்கைப் பார்த்தார். தோமினிக் சுவர்க் காலண்டரில் தேதி பார்த்தார்.

"நீங்களாங்க கேட்டீங்க?"

தோமினிக் டீசல் பில்லை மேசைமேல் வைத்தார். அஸ்பியா பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளை இப்பத்தான் 'அப்பா' வரைக்கும் வந்திருக்குது, சாமி. இன்னும் ஒரு ஆறு மாசத்துக்கு அந்த வரியை அழிச்சுராத."