ஆறாம் பாடம்

மச்சான் செல்வக்குமார் ஐந்தாவது தடவையாக அழைத்தபோதுதான் காசிமாயன் போனை எடுத்தான்.

அதுவரை பசுமலையில் தன் மாடி அறைக்குள் எழுந்து நடப்பதும், உட்காருவதும், திரும்ப எழுவதுமாக இருந்தான். மதிய வெயிலில் தகரக் கூரை கொதித்தது. மின்விசிறி சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“மாப்ள, அஞ்சு மணிக்குள்ள அந்த ஆறாம் பாடத்தைத் தூக்கிரு. எங்க ஆலையால தண்ணி கெடலைடா, நம்பு. இல்லாட்டி என் வேலை போயிரும். உங்க அக்காவைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு.”

“அதை யாராலயும் தூக்க முடியாது மச்சான். என்னாலயும் முடியாது.”

சொல்லிவிட்டு போனை வைத்தான். அவன் சொன்னது பொய்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவன் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு படிப்பை நடத்த முன்வரலாம். முந்நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஆதரித்தால் அது திறக்கும். பாடங்கள் ஓர் இடத்தில் இல்லாமல், பிளாக்செயினில், எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பதிவாகிவிடும். எந்தப் பெரிய மனிதர் மிரட்டினாலும் அழிக்க முடியாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னான். ஜனங்கள் அதை நம்பித்தான் சேர்ந்தார்கள்.

ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் உதவுமே என்று, எந்தப் பாடத்தையும் மறைத்துவைக்கக்கூடிய ரகசியச் சாவி ஒன்றைத் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டான். ஒரு மாதத்தில் விட்டுவிட நினைத்தான். விடவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

இப்போது அந்தச் சாவி அவனைப் பிடித்து ஆட்டியது.

ஆறாம் பாடம் தமிழ்ச்செல்வியுடையது. பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். குடிதண்ணீரை நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் அவள் நடத்திய படிப்பு. கப்பலூர் தாண்டி ஓர் ஊரில் இரண்டு அடிகுழாய்களின் தண்ணீரைப் பிடித்துவந்து, கேமரா முன்னால் சோதித்து, வியாழக்கிழமை பாடமாக ஏற்றியிருந்தாள். மச்சான் வேலை பார்க்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் குழாய்த் தண்ணீர் ஆகாது. கிழக்குத் தெருக் குழாய்த் தண்ணீர் நல்லது.

அக்காவின் முகம் வந்தது. அக்கா பிள்ளைகளின் முகமும் வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் தன் விரல் தானாகவே அந்தப் பாடத்தை மறைத்துவிடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

இரண்டே முக்காலுக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். சாவியை நிரந்தரமாகத் துறக்கும் கட்டளையைத் தட்டினான். ‘இதைத் திரும்பப் பெற முடியாது, உறுதியா?’ என்று திரை கேட்டது.

அழுத்தினான்.

மார்பில் இருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல இருந்தது. அரை நாளாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

தமிழ்ச்செல்வி அழைத்தாள். நல்ல சேதி சொல்லப் போகிற வேகத்தில் எடுத்தான்.

“அண்ணே, ஆறாம் பாடத்தை எப்படியாச்சும் எடுத்துருங்க.”

“எவன் மிரட்டுனான் செல்வி? பயப்படாத, இனிமே எவனாலயும்...”

“யாரும் மிரட்டலண்ணே. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

அடுத்த பாடத்துக்காகக் காலையில் மறுபடி தண்ணீர் எடுத்துவந்து, இப்போதுதான் சோதித்திருக்கிறாள். போன வாரம் பாட்டில்களில் சீட்டு ஒட்டும்போது இரண்டும் இடம் மாறியிருக்கிறது. ஆலைப் பக்கத்துத் தண்ணீரில் குற்றமில்லை. கிழக்குத் தெருத் தண்ணீரில்தான் நைட்ரேட் உப்பு அளவுக்கு மீறி இருக்கிறது.

“பெரியவங்களை விடுங்கண்ணே. கைப்புள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. காய்ச்சுனாலும் போகாது.”

பாடத்தை மறைக்க இனி காசிமாயனிடம் சாவி கிடையாது. திருத்தப் பாடம் போடலாம். புதிதாக ஏற்றும் ஒவ்வொரு பாடத்துக்கும் முந்நூறு பேர் ஆதரவு வேண்டும், அது அவன் எழுதிய விதி. எப்படியும் இரண்டு நாள் பிடிக்கும். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டான். பதினேழு பேர் பார்த்தார்கள். அந்தப் பதினேழு பேரில் அந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை.

“நான் போறேன் செல்வி. நீயும் கிளம்பி வா” என்று பைக்கை எடுத்தான்.

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனான். வழியில் மச்சான் இன்னொரு தடவை அழைத்தான். எடுக்காமல் வண்டியை முறுக்கினான்.

கிழக்குத் தெருக் குழாயடியில் ஏழெட்டுக் குடங்கள் வரிசையில் இருந்தன. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் அடித்துக்கொண்டிருந்தாள். காசிமாயன் ஓடிப்போய்க் குழாயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

“இந்தத் தண்ணி வேணாம்மா. இது கெட்ட தண்ணி.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, தமிழ்ச்செல்வியின் பாடத்தை ஓடவிட்டுக் காட்டினாள்.

“ஆலைக்காரன் அனுப்பிச்ச ஆளா நீங்க? எங்க காசப் போட்டு நாங்களே படிச்ச பாடம்ணே இது. ரெண்டு நாளா இந்தத் தண்ணியிலதான் புள்ளைக்குப் பால் மாவு கரைக்கிறேன். கைய எடுங்க, அழுகுறான்.”

கிழக்குத் தெருத் தண்ணீர் நல்லது என்று போனுக்குள் தமிழ்ச்செல்வி தெளிவான குரலில், சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

காசிமாயன் கைப்பிடியை விடவில்லை. தமிழ்ச்செல்வி வந்துசேர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். வரிசையில் இன்னொரு குடம் வந்து நின்றது.