துப்பாக்கிக் கட்டையில் பல் தடம்

ஒகையோவில் டெல்மர் புதுப்பிக்க வாங்கிய பழைய ரஷ்யப் போர்த் துப்பாக்கியில், ஒரு யானையையே குளிப்பாட்டும் அளவுக்குக் கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்ததும் மரக்கட்டையில் பல் தடம் தெரிந்தது. வலி பொறுக்காமல் யாரோ ஒரு சிப்பாய் கடித்திருக்கிறான். மேல்வரிசை நடுவில் ஒரு பல் இல்லாதவன்.

ஞாயிறன்று பழைய துப்பாக்கிகளின் கண்காட்சி. ஒன்பது வருஷமாக முதல் பரிசை நண்பன் ஆர்வில்தான் அள்ளிக்கொண்டு போகிறான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரத்தின் பழமை போய்விட்டதென்று நடுவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் டெல்மர் ஈரத்துணியை விரித்து, மனைவி லுவெல்லாவின் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினான். ஆவியில் மரம் உப்பித் தடம் மறைந்தது. மறுநாள் காலை தடம் திரும்பியிருந்தது, ஈரமாக.

அடுத்த நான்கு நாளும் இதே கதை.

“பசியில நீயே கடிச்சிருப்ப!” என்று ஆர்வில் சிரித்தான்.

“போடா! என் பல்லு முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு, எண்ணிப் பாரு!” என்று டெல்மர் வாயைப் பிளந்து காட்டினான்.

ஞாயிறு காலை கட்டை வழவழவென்றிருந்தது. டெல்மர் கூரையில் முட்டாத குறையாகத் துள்ளினான். வந்து உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தான்.

“தட்டுல என்னது அது?” என்றாள் லுவெல்லா.

அவனுடைய மேல்வரிசை நடுப்பல். ஒரு சொட்டு ரத்தமில்லை. வேர் முழுக்கப் பழைய கிரீஸ் அப்பியிருந்தது.