எட்டரை மணி

குப்பியில் தண்ணீர் இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது. மூன்று விரல் உயரத்துக்கு, அசையாமல்.

மழைமானியின் புனலைக் கழற்றிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியென்றால் மழை பெய்திருக்கிறது.

ஊர் அசந்திருந்த நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது. கருவேலங்காட்டைத் தாண்டி, வறண்ட கண்மாயின் கரையில் கொஞ்சம் நின்று, பிறகு தெருத்தெருவாக நடந்திருக்கிறது. அவள் வீட்டு ஓட்டின் மேலும் கால் வைத்திருக்கும். அவள் புரண்டு படுத்திருப்பாள். யாரையும் எழுப்ப மனமில்லாமல் இந்தக் குப்பிக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இப்படியும் ஒரு மழை உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. கனவு மாதிரி இருந்தது; கனவில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

இன்றைக்கு இங்கே வரவே கூடாது என்றுதான் ராத்திரி படுத்திருந்தாள்.

தினமும் காலை எட்டரைக்கு இந்தக் குப்பியைத் திறந்து பார்த்து, ஊரில் எவ்வளவு மழை என்று தாலுகா ஆபீசுக்குச் சொல்வது அவள் வேலை. இருநூற்றுப் பதினோரு நாளாகச் சைபர். அங்கே எழுதிக்கொள்ளும் குணபாலன் நேற்று போனில் நல்ல மனசோடுதான் சொன்னான், "எதுக்குக்கா வெயில்ல அலையிறீங்க? நானே மாசம் முழுக்க சைபர் போட்டுக்கிறேன்." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவன் சொன்னதில் தப்பில்லை. கட்டிலில் படுத்தபடி சொன்னாலும் சைபர் சைபர்தான்.

ஆனால் இதற்கும் எழுந்திருக்காவிட்டால், வேறு எதற்காக எழுந்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது பயமாக இருந்தது.

புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கும்பிடாத சாமி கிடையாது. அவர் போன பிறகு கும்பிடவில்லை. கோபமில்லை, வீம்புமில்லை. ஒருநாள் கை குவித்தபோது எதிரில் யாரும் இல்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலி இடத்தில் எட்டரை மணி வந்து உட்கார்ந்துகொண்டது.

அது எதையும் தருவதாகச் சொல்லவில்லை. வந்து பார் என்றது. போய்ப் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றினாள். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

அப்போதுதான் மூக்கில் ஏறியது.

பிளீச்சிங் பவுடர் வாசனை.

லாரித் தண்ணீர். நாலு நாளைக்கு ஒருமுறை வருவது. வீட்டுக்கு ஐந்து குடம்.

தரையைப் பார்த்தாள். புழுதி அப்படியே இருந்தது. எந்த மழையும் இந்தப் பக்கம் நடந்து வரவில்லை.

போன வாரம்தான் ஊரில் கொடும்பாவி இழுத்தார்கள். மழை வேண்டி வைக்கோல் பொம்மை ஒன்றைத் தெருவெல்லாம் இழுத்து, மாரடித்து அழுதார்கள். சைபர் சைபர் என்று எழுதியே இவள் மழையை விரட்டுகிறாள் என்று அங்கே ஒரு பேச்சும் கிளம்பியது. யாரோ நேர்ந்துகொண்டு ஊற்றியிருக்கிறார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம், அதை ஒட்டிய வீட்டு இருளாயி நின்றாள். செம்பை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். பாதி வெளியே தெரிந்தது.

"எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டு ஊத்துன?"

கேட்ட குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"சாமிக்குக் கோயில்லயே ஊத்தியாச்சு மதினி. இது ஒனக்கு. தெனமும் வெறுங்குப்பியப் பாத்துட்டுத் தலையத் தொங்கப்போட்டுப் போற. பாக்கச் சகிக்கல. இன்னைக்கு ஒரு நா எழுதிக்க."

ஜாடியைக் கீழே வைத்தாள்.

அவள் குப்பியைப் பார்க்க வந்த நாளெல்லாம், அவளைப் பார்க்கவும் ஒருத்தி இருந்திருக்கிறாள். நாலு பிள்ளைகள் இருக்கிற வீட்டில், ஐந்து குடத்தில் ஒரு செம்பை மொண்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நோட்டைத் திறந்தாள். இன்றைய தேதிக்கு நேரே பேனாவை வைத்தாள். பன்னிரண்டு என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. யாருக்கு என்ன நட்டம்? ஆனால் பெய்யாத மழையை இன்றைக்கு எழுதிவிட்டால், பெய்யப்போகிற மழையை எந்த முகத்தோடு எழுதுவது?

0.0 என்று எழுதினாள்.

"இத எழுத முடியாது இருளாயி. பெய்யலையே."

இருளாயி ஜாடியை எட்டிப் பார்த்தாள்.

"அப்பக் குடிச்சுக்க."

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. ஜாடியோடு தூக்கிக் குடித்தாள். வெதுவெதுவென்று இருந்தது. பாதியை வேலிக்கு மேலாக நீட்டினாள். நல்ல தண்ணீரை யார் வேண்டாம் என்பார்கள்? இருளாயியும் அண்ணாந்து குடித்தாள்.

போன் அடித்தது. குணபாலன்.

"என்னக்கா, மாசம் முழுக்கப் போட்ரவா?"

"இன்னைக்குச் சைபர். இன்னைக்கு மட்டும் போடு."

குப்பியைக் கவிழ்த்து உதறினாள். முந்தானையை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தாள். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

ஒரு சொட்டு தங்கினாலும் நாளைய அளவு பிழையாகிவிடும்.