சனிக்கிழமைக்கு ஒரு டர்போ

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்கய்யா டர்போ?"

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மொசிடியின் வாய் சும்மா இருக்காது.

செஃபாகோ கோபித்துக்கொள்ளவில்லை. கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "ஆசைதாம்மா" என்றார்.

ரிட்டயரான பஸ் டிரைவர். எழுபதைத் தாண்டியவர். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் போன மாதம் ஒரு பழைய சிவப்பு பிஎம்டபிள்யூ கார் வாங்கினார். சொவெட்டோ இளவட்டங்கள் டயர் புகையப் புகைய வட்டம் போட்டுச் சுற்றுகிறார்களே, அதே பெட்டி மாதிரியான வண்டி. அதுவும் எந்தப் பணத்தில்? தன் சாவுச் செலவுக்கென்று சங்கத்தில் மாதாமாதம் கட்டி வந்த பணத்தை எடுத்து!

தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மொசிடி பொத்தாமலே சிரித்தாள்.

ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகத்தைக் கூட்டுகிற டர்போவில் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதலாவது புத்தம் புதுசு, பளபளப்பு, விலையும் கொள்ளை மலிவு. இரண்டாவது பூசணிக்காய் அளவு. மூன்றாவது பழசைப் பிரித்து, புது பேரிங் போட்டு அவளே கட்டியது.

"புதுசு மலிவுதான், ஆனா எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது. பெருசு உங்க இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். இந்தப் பழசு நம்பலாம், விலையும் கட்டுப்படியாகும்."

செஃபாகோ பழசின் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார்.

"சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குமா?"

"அதுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்."

"வண்டி மாசக்கணக்கா சும்மா நின்னா?"

"எண்ணெய் வடிஞ்சிடும். அப்புறம் திடீர்னு மிதிச்சா பேரிங் போச்சு. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க."

"முடியறவரைக்கும் பண்றேன். பசங்க கண்ணு மண்ணு தெரியாம மிதிச்சா தாங்குமா?"

"ஏன், நீங்க ஓட்டலையா?"

"நான் ஓட்டி என்னம்மா ஆகப்போகுது?"

ஓகோ, சங்கதி அப்படியா என்று நினைத்துக்கொண்டாள் மொசிடி. பந்தயம் கட்டும் பையன்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார் கிழவர். தலை நரைத்தும் புத்தி போகிற போக்கைப் பார்!

செஃபாகோவுக்கு அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மேஜையில் கையூன்றியபடி, "மொலெஃபே அடக்கத்துக்கு நீ வரலையேம்மா" என்றார்.

"சனிக்கிழமையாச்சேங்கய்யா. கடை."

ஊரில் அடக்கமெல்லாம் சனிக்கிழமைதான். மொசிடிக்கு வியாபாரமும் சனிக்கிழமைதான். மற்ற நாள் ஈ ஓட்டினாலும் அன்றைக்குக் கடை நிரம்பிவிடும். அதனால் அவள் எந்தச் சாவுக்கும் போவதில்லை. ஒரு டின் பிஸ்கட் கொடுத்தனுப்புவதோடு சரி. சொந்த அத்தை செத்தபோதும் அப்படித்தான். மொலெஃபே அவள் அப்பாவுக்கு நெருங்கிய கூட்டாளி. அவருக்கும் பிஸ்கட்தான் போனது.

அவள் கேட்காமலே செஃபாகோ சொல்லிக்கொண்டு போனார். பெரிய பந்தல் போட்டிருந்தார்களாம். வாடகை நாற்காலி வரிசை வரிசையாகக் கிடந்ததாம். உட்காரத்தான் ஆள் இல்லை. முன்வரிசையில் இருந்த இவர் எழுந்து போய் நடுவில் உட்கார்ந்து பார்த்தாராம், பந்தல் கொஞ்சமாவது நிறைந்த மாதிரி தெரியட்டும் என்று. பாதிரியாரும் ஜெபத்தைச் சீக்கிரமாக முடித்துவிட்டாராம்.

"அதுக்கு அடுத்த வாரம், வண்டி சுத்துற பையன் ஒருத்தன் செத்தானே, அவன் அடக்கம். கூட்டாளிங்க கல்லறை வாசல்ல வண்டியைச் சுத்தினாங்க பாரு, மதில்மேல எல்லாம் ஜனம்."

அதுவும் மொசிடிக்குத் தெரிந்த கதைதான். அன்று கூட்டத்தில் நின்று கிழவர் கடைசிவரை வாய் பிளந்து பார்த்தாராம். அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று ஊரில் பேச்சு.

"ஒரு வருஷம் வாரண்டி. இன்னையிலேர்ந்து கணக்கு" என்றாள், பேச்சை முடிக்கிற குரலில்.

"ஓட்டுற நாள்லேர்ந்து தர முடியாதா?"

"எந்தக் கடையில தருவாங்க?"

"இல்லம்மா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நின்னுடக் கூடாது. பசங்ககிட்ட பேசிட்டேன். வண்டி இருந்தா வரோம்னாங்க. அவங்க வந்தா தெருவே வந்துடும். பாதியில நின்னுபோச்சுன்னா, சரிபண்ண நான் இருக்க மாட்டேன்."

மொசிடி டர்போவை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளரிடம் வழக்கமாகச் சொல்வதைத்தான் தலை நிமிராமல் சொன்னாள்.

"எங்கே போயிடப் போறீங்க? தேதியைச் சொல்லுங்க, நானே வந்து ஒரு பார்வை பார்த்துடறேன்."

"தேதி எனக்கே தெரியாதும்மா. எப்படியும் சனிக்கிழமையாத்தான் இருக்கும்" என்றார் செஃபாகோ. "அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு வருவியா?"