செவலை ஓடவில்லை

பந்தய மைதானத்துச் சோதனை அதிகாரி நாய்களை நிற்க வைத்துத்தான் பார்ப்பார். முன்கால் வீங்கியிருந்த செவலையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்துப்பட்டையில் 'நலம்' என்று முத்திரை குத்திவிட்டு, அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூண்டு திறந்ததும் மற்ற நாய்கள் பறந்தன. செவலை நகரவில்லை. நாய்கள் துரத்துவதற்காகக் கம்பியில் சுற்றி வந்த பொம்மை முயல் கத்தியது: "ஏய், ஓடுடி! முதலாளி தோலை உரிச்சிடுவான்!"

"உரிக்கட்டும். ஓடினா புழுதியில என் கால் யாருக்கும் தெரியாது. நடக்கப் போறேன்."

"போன வாரம் ஓட மாட்டேன்னு நின்ன கருப்பனை அப்புறம் யாரும் பார்க்கலையே!"

"அதையும் அந்த அதிகாரிகிட்டயே கேட்கிறேன்."

கூட்டமே பார்க்க, செவலை நொண்டி நொண்டி நாற்காலி வரை நடந்தது. வீங்கிய காலைத் தூக்கி அதிகாரியின் மடியில் வைத்தது.

"இப்போ குத்துங்க, உங்க முத்திரையை."