செம்பருத்திக்குப் பக்கத்துத் தொட்டி

"கையை எடுங்கண்ணா! செம்பருத்தியை எவ்வளவு வேணும்னாலும் பறிச்சுக்கோங்க. அதை மட்டும் தொடாதீங்க."

"நான் இன்னும் தொடவே இல்லியேம்மா."

மயிலாப்பூர் வீட்டு கேட்டின் கம்பிகளுக்குள் நீண்டிருந்த கையை ஆட்டோக்காரர் தணிகாசலம் இழுத்துக்கொண்டார். ஆட்டோவில் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு தினமும் காலையில் அவர் இங்கேதான் பூப் பறிப்பார்.

கீர்த்தி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். ஊட்டியிலிருந்து வரவழைத்த ஃபாக்ஸ்குளோவ் என்ற குளிர்தேசப் பூச்செடியின் விதை. முளைத்த மற்ற செடிகளெல்லாம் சென்னை வெயிலில் கருகிப்போயின. இந்த ஒன்றுதான் பிழைத்து, முதல் ஊதாப் பூவை இன்று காலையில் திறந்திருந்தது.

"இது விஷப் பூண்ணா. சாமிக்கு ஆகாது."

"தெரியும். அதுக்கு வெயிலும் ஆகாது."

"அதனாலதான் எங்கம்மா மத்தியானத்துல ரெக்சின் கட்டி நிழல் போடுறாங்க."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நானா? நீதான் கட்டுறேன்னு நெனச்சேன்!"

கீர்த்தி கேட்டில் சுருட்டிக் கட்டியிருந்த ரெக்சினைத் திரும்பிப் பார்த்தாள். அது பழைய ஆட்டோவின் கூரைத்துணி.

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நெஞ்சு மாத்திரை இந்தச் செடியிலேர்ந்துதான் வந்துச்சின்னு நீ போன்ல யாராண்டயோ சொல்லிக்கினு இருந்தே. டாக்டராண்ட கேட்டேன். நான் முழுங்குறது அதான்னாரு. ரெண்டு வருஷமா என்னை ஓட்டிக்கினு கீதும்மா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு கேட்டருகே வந்தார்.

"பறிக்க மாட்டேன். ஒரே ஒருவாட்டி தொட்டுக் கும்பிட்டுக்கட்டுமா?"